அப்பாவின் காரை ஏன் விற்க வேண்டும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டில் மூன்று பேச்சு எழும். கடையை யார் பார்ப்பது, அம்மா யாரோடு இருப்பது, ஷெட்டில் நிற்கும் காரை என்ன செய்வது. முதல் இரண்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். மூன்றாவதுக்கு ஐந்து நிமிடம் போதும். "அத எதுக்குப்பா வச்சுக்கிட்டு? எடை போட்டுக் குடுத்துட்டு ஆக வேண்டியதப் பாருங்க" என்று தாய்மாமன் சொல்லிவிட்டால் தீர்ந்தது. மறுவாரம் பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்து நிற்பார்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று எங்கள் வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த அறிவுரை ஒரே சுருதியில்தான் கேட்கிறது. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கணக்குத் தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்குச் சுமை கூடக் கூடாது என்று நினைக்கிறவர்கள். பழைய கார் காசுக்குக் கேடு, காற்றுக்குக் கேடு, உயிருக்கும் கேடு என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் அதெல்லாம் பண்ணையார் காலத்துப் பெருமை என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். இவற்றில் ஒன்றுகூட உரசிப் பார்த்தால் நிற்காது என்பதுதான் என் கட்சி. அப்பா விட்டுப்போன காரை வைத்துக்கொள்வதோடு நிறுத்தக் கூடாது, ஓட்ட வேண்டும் என்றும் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பழைய கார் என்றதும் ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் ஊர்வலம் பலர் கண்ணில் ஓடுகிறது. எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் நிற்பவை அவை அல்ல. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை செய்த அம்பாசடர். பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட், பின்னால் பத்மினி என்று பெயர் மாறியது. இந்த இரண்டுக்கும் நடுவே நம்மவர்களே மறந்துபோன ஒன்று உண்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் நம் சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்ற கார் அது. இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி வரைந்த உருவம். முன்பக்கத்து மூடி மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். 1968இல் நாலு கதவு வைத்தும் செய்தார்கள். தமிழ்நாட்டில் செய்த கார் என்று ஊருக்கு ஊர் மார்தட்டுகிற நாம், அந்த முதல் தலைமுறைக் கார்களைக் காயலான் கடைக்கு அனுப்பியதில்தான் முன்னால் நின்றோம்.

என்னிடம் இருப்பது 1970களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2 அம்பாசடர். வத்தல், மல்லி கமிஷன் மண்டி வைத்திருந்த அப்பா வாங்கியது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரை என் காரைப் பற்றியதல்ல.

காசுக்கு வருவோம். "காசைக் கரியாக்குறான்" என்ற வசவைச் சிவகாசிக்காரர் வாயால் கேட்கும்போதுதான் எனக்கு ஆறுவதே இல்லை. ஒரு ராத்திரியில் எரிந்து முடிகிற சந்தோஷத்தைச் செய்து விற்றுத்தான் அந்த ஊரில் லட்சக்கணக்கான பேர் அடுப்பு மூட்டுகிறார்கள். உபயோகம் இல்லாத எதற்கும் மனிதன் செலவழிக்கக் கூடாது என்றால் முதலில் மூட வேண்டியது அந்த ஊர் ஆலைகளைத்தான். மூடக் கூடாது என்று நாம் எல்லோரும் நிற்கிறோம், நிற்க வேண்டும். குழந்தை கையில் ஒரு மத்தாப்பின் வெளிச்சத்துக்கு மதிப்பு உண்டு என்று டெல்லிக்குச் சொல்கிறவர்கள், சொந்த ஊர்க்காரன் தன் அப்பாவின் காரில் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருவதற்கு மட்டும் கணக்குக் கேட்பது எந்த நியாயம்?

கணக்கே கேட்டாலும் சரி. ஒரு புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலையில் ஒரு பகுதி போய்விடுகிறது. ஐந்து வருடம் கடன் தவணை கட்டி முடிக்கும்போது மீதியிலும் பாதி இருக்காது. அதை யாரும் கரி என்று சொல்வதில்லை, வசதி என்கிறோம். பழைய அம்பாசடருக்கு வரும் செலவு வேறு மாதிரியானது. பெரிய செலவு ஒருமுறை வரும்: எஞ்சினைப் பிரித்து போர் போடுவது, பாடியில் துருப்பிடித்த இடங்களை வெட்டி டிங்கர் வேலை பார்ப்பது, வயரிங் மாற்றுவது. அதன் பிறகு வருவதெல்லாம் சில்லறை. பாயிண்ட், கண்டென்சர், பிளக், பிரேக் ரப்பர், கிரீஸ். அம்பாசடருக்கு மதுரையில் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, அங்கும் இல்லையென்றால் கல்கத்தா மல்லிக் பஜார். ஐம்பது வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த கார் என்பதால் பலதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஹெரால்டுக்கு இது பொருந்தாது. அதன் சாமான் தேடுவது உண்மையிலேயே சிரமம், அந்தக் காரை எடுக்கிறவர் பொறுமையையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

கிடைக்காத சாமானுக்கு லேத் பட்டறை இருக்கிறது. இதைச் சொல்லும்போது சிவகாசியின் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டாசும் தீப்பெட்டியும் வெளியூருக்குத் தெரிந்த சிவகாசி. அச்சகத் தொழில் அதே அளவுக்குப் பெரியது. அயல்நாடுகளில் ஓடிக் கழித்த ஆப்செட் இயந்திரங்களை வாங்கி வந்து, தேய்ந்த ரோலருக்கு ரப்பர் போட்டு, உடைந்த பல்சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டி, ஆண்டுக்கணக்கில் ஓட்டிக் காலண்டர் அடித்து வளர்ந்த ஊர் அது. கம்பெனிக்காரன் கைவிட்ட இயந்திரத்தைச் சிவகாசிப் பட்டறை கைவிடவில்லை. அந்த இயந்திரத்தை வைத்திருந்தவரைக் கெட்டிக்காரர் என்றோம். அதே லேத்தில், அதே மனிதர் கையால் என் காரின் கிங் பின்னுக்கு ஒரு வெண்கல புஷ் கடைந்து வாங்கினால் கிறுக்கு என்கிறோம். ஒன்று லாபம் தருகிறது, மற்றது தரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். லாபம் தராத எதையும் கையால் தொடக் கூடாது என்று நம் வியாபாரிகள் வாழ்ந்ததில்லை. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்கள் இவை.

புகை பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அதை ஒதுக்கித் தள்ள நான் தயாரில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால் புதுக் காரைவிடப் பல மடங்கு கெட்ட புகை விடும். அதில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் நேரே வெளியே வரும். இதை மறுக்கிறவர் பொய் சொல்கிறார். ஆனால் காற்றைக் கெடுப்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பது மட்டுமல்ல, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதும்தான். இப்படிப்பட்ட கார் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் 100 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக மொத்தம் வருடத்துக்கு 230 கிலோ. ஒரு புதுக் காரை, இரும்பு உருக்குவதிலிருந்து பெயிண்ட் அடிப்பது வரை செய்து முடிக்கவே டன் கணக்கில் வெளியாகிறது. சிறிய காருக்கும் நாலைந்து டன்னுக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. புதுக் கார் சாவியைக் கையில் வாங்குவதற்குள் போன புகை, என் அம்பாசடர் ஏறக்குறைய இருபது வருடம் விடுகிற புகை.

கெட்ட வாயுக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குத்தான் டியூனிங். 2000க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு சும்மா நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் அம்பாசடர் அதற்குள் அடங்கும். கரும்புகை கக்கிக்கொண்டு போகிற பழைய வண்டிகளைத் தெருவில் பார்க்கிறோமே என்றால், அவை யாரும் பராமரிக்காத வண்டிகள். வயதுக்கும் கவனிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்காமல் வருடத்தை மட்டும் எண்ணித் தள்ளுவதுதான் இன்றைய நாகரிகமாகிவிட்டது.

இந்த எண்ணிக்கைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் உத்தரவிட்டது: பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும். சிவகாசி ஆடிப்போன நாள் அது. பேரியம் போய், சரவெடி போய், ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அதே மாதம் 29ஆம் தேதி அதே நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் சாலைக்கு வரக் கூடாது என்றது. இரண்டுக்கும் பின்னால் நின்றது டெல்லியின் குளிர்காலக் காற்று. டெல்லியின் காற்று மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஊரின் மூச்சுத்திணறலுக்கு எழுதிய மருந்தைக் கரிசல் காட்டு வெட்டவெளியில் இருக்கிறவனும் குடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்க முடியாதது. பட்டாசு விஷயத்தில் இதைக் கண்ணீரோடு வாதாடிய சிவகாசி, கார் விஷயத்தில் "15 வருஷம் ஆனா ஸ்கிராப்புதான, சட்டமே அப்படித்தான" என்று தானாகவே தலையாட்டுகிறது. சட்டம் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். கட்டாயமாக உடைக்க வேண்டும் என்பது அரசுத் துறை வண்டிகளுக்கு வந்த விதி. இதை யாரோ எங்கோ செய்தியில் பாதி படித்து, மீதியைத் தானே எழுதிக்கொண்டு, எத்தனையோ நல்ல வண்டிகள் எடைக்குப் போய்விட்டன.

உடைக்கச் சொல்லாமலே உடைக்க வைக்கும் வழி ஒன்று இருக்கிறது, கட்டணம். ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 என்றார்கள். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடி டீசல் புகை விடும் வண்டியும், மாதம் இருமுறை கோயிலுக்குப் போய்வரும் வண்டியும் ஒரே தட்டில். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, புகைச் சோதனையில் என்ன வந்தது என்று கேட்கும் கட்டணமாக இருந்தால் நானே வரவேற்பேன். இந்தக் கட்டணம் பிறந்த தேதியைத் தவிர எதையும் கேட்பதில்லை.

50 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2021 ஜூலையில் விண்டேஜ் பதிவு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பாரம்பரியத்துக்கு மரியாதை என்று பத்திரிகைகள் பாராட்டின. விதியைப் படித்தால் விஷயம் வேறு. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் போடுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் மட்டும் வெளியே எடுக்கலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனால் விதிமீறல். இதை நான் மரியாதை என்று ஏற்க மாட்டேன். ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டி, பழைய அமைப்பு மாறாமல் நல்ல நிலையில் இருக்கும் காருக்கு எச் என்ற எழுத்தோடு நம்பர் தருகிறார்கள். நகரத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் அது போகலாம். பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டியதற்குச் சாலை வரியே இல்லை. காற்றைப் பற்றி நம்மைவிட அதிகம் பேசுகிற நாடுகள் அவை. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

"ஆசையா இருந்தா போர்டிகோவுல நிப்பாட்டி வைங்க, யாரு வேண்டாங்கறா" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நல்ல மனதோடு சொல்லும் இந்த யோசனைதான் காருக்கு எமன். நிற்கும் காருக்கு வருகிற நோய்கள் ஓடும் காருக்கு வருவதில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டரில் துருப்பிடிக்க வைக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி ஜெட்டை அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள்; அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் கரைத்துத் தின்னும். எத்தனால் தாங்கும் குழாய் போட்டு, டேங்கில் பெட்ரோலைப் பழசாக விடாமல் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் இதற்கு வைத்தியம். டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும். எலி வயரைக் கடிக்கும். எங்கள் மண்ணின் வறட்சி ஒரு வகையில் வரம். கடற்கரை ஊர்களில் பத்து வருடத்தில் அரிக்கும் தகடு இங்கே முப்பது வருடம் நிற்கும். நிறுத்தியே வைத்தால் அந்த வரமும் வீண். அருங்காட்சியகம் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரில் 2015இல் திறந்தது இருக்கிறது, அருமையாகப் பராமரிக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீடு அருங்காட்சியகம் ஆக வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டம், வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜப்பான் டீசல் எஞ்சினை ஏற்றி, ஏ.சி. வைத்து, பவர் ஸ்டீயரிங் போட்டு ஓட்டலாம் என்கிறது. டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர்கள் அன்று அப்படிச் செய்ததில் தப்பில்லை, அது வயிற்றுப்பாடு. பொழுதுபோக்காக வைத்துக்கொள்கிறவர் அதைச் செய்தால் அப்பாவின் காரில் மிஞ்சுவது மேல் தகடுதான். 1,489 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்குக்குக் கீழே கை கியர், மெத்தை மாதிரி முன்சீட், நிறுத்தினால் மெல்ல இறங்கும் அந்த ஐடிலிங் சத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் கார்.

பராமரிப்பு என்றால் என்ன என்று தெரியாமல்தான் இத்தனை பயமும். ஒன்றே ஒன்றைக் காட்டுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இரண்டு கிளிப் பிடித்திருக்கும், விரலால் தள்ளினால் விடும். உள்ளே ரோட்டரை எடுத்தால் பாயிண்ட் தெரியும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன இரண்டு உலோகப் பொட்டு, ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். ஒன்றில் சிறு குழி, மற்றதில் சிறு மேடு விழுந்திருக்கும். மெல்லிய எமரித் தாளை நடுவில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்து, துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பாயிண்டின் குதிகால் கேமின் முனையில் ஏறி நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் பதினைந்து பங்கு. கேஜ் தகடு இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் வெண்ணெயில் கத்தி போல வர வேண்டும். ஸ்குரூவை முடுக்கும்போது இடைவெளி ஒரு மயிரிழை நகரும், திரும்ப வைக்க வேண்டும். முடித்து மூடியைப் போட்டு, சோக்கைப் பாதி இழுத்து செல்ஃப் அடித்தால், நேற்று வரை இருமிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரே பிடியில் பிடிக்கும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரத்தில் போன் எடுக்க முடியாது, கை முழுக்க அழுக்கு. உள்ளங்கையில் செல்போனை வைத்துக்கொண்டு வளரும் என் வீட்டுப் பிள்ளைகள், ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. புதுக் காரின் மூடியைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கவர் தெரிகிறது. அதற்குக் கீழே கை வைக்க வண்டி வாங்கினவருக்கே அனுமதியில்லை.

இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்கிறவர்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த டேப்பட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள். அவர்களிடம் எடுபிடியாக நிற்க இப்போது பையன்கள் வருவதில்லை, ஏனென்றால் வண்டி வருவதில்லை. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கைவேலையாகக் கற்று வந்த தீப்பெட்டித் தொழில்தான் இந்த வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றியது. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. விருதுநகரிலும் சிவகாசியிலும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, மெப்கோ மாதிரி பெரிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் முன்னால் ஒரு பழைய நாலு சிலிண்டர் எஞ்சினை வைத்து, ஒரு முதிய மெக்கானிக்கை வாரம் ஒருநாள் அழைத்து மதிப்பூதியம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

உயிருக்கு ஆபத்து என்பதற்குச் சுருக்கமான பதில் போதும். நாற்சக்கரமும் டிரம் பிரேக், சீட் பெல்ட் கிடையாது, காற்றுப் பையும் கிடையாது. ஆகவே இதை நான்குவழிச் சாலையில் நூறில் ஓட்டக் கூடாது, ராத்திரியில் ஓட்டக் கூடாது, பெல்ட் பொருத்தாமல் குழந்தையை முன்னால் உட்கார வைக்கவே கூடாது. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்கு நாற்பது ஐம்பதில் போய் வாருங்கள். மே மாத வெயிலில் வழியில் பெட்ரோல் ஆவியாகி நின்றால் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். பட்டாசு ஆலைப் பக்கம் போனால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்; பேக் ஃபயர் அடிக்கும் எஞ்சினுக்கு அங்கே இடமில்லை, யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பண்ணையார் பெருமை என்ற கடைசிக் குற்றச்சாட்டுக்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். எங்கள் தெருக்களில் கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள், அந்தக் கார் அவர்களுக்கு மட்டும் ஓடியதில்லை. தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அந்தப் பின்சீட்டில் போனவர்களும், அங்கே போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான், பொதுத்தேர்தலன்று கிழவிகளை வாக்குச்சாவடிக்கு ஏற்றிப்போனதும் அதுதான். ஏற்றத்தாழ்வு அதில் இல்லாமல் இல்லை. யார் முன்சீட்டில் உட்கார்ந்தார், யார் படியோடு நிறுத்தப்பட்டார் என்பதையும் அந்தத் தெரு மறக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் நினைவு. காரை உடைத்துப் போட்டால் அந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுமா? இன்று அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிடலாம் அல்லவா? விருதுநகரில் பிறந்த காமராஜர் பயணம் செய்த எம்.டி.டி. 2727 செவர்லே காரைப் பழுது நீக்கிப் புதுப்பித்தபோது யாரும் அதைப் பண்ணையார் பெருமை என்று சொல்லவில்லை. தலைவரின் காருக்கு உண்டென்று ஒப்புக்கொள்ளும் நினைவு மதிப்பு, மல்லி வியாபாரியின் காருக்கும் அவருடைய டிரைவரின் உழைப்புக்கும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

பெருமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. காரை என்ன செய்யலாம் என்று அண்ணன் தம்பிகள் கூடிப் பேசும்போது மகளிடம் யாரும் கேட்பதில்லை. தகப்பனார் உயில் எழுதாமல் போனால் அவர் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. காரும் சொத்துதான். அண்ணன்மார் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரிலேயே இருக்கும் மகள்தான் பல வீடுகளில் அப்பாவின் பொருட்களைத் துடைத்து வைக்கிறாள். சாவியை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். அம்பாசடரின் ஸ்டீயரிங் கனம் என்பதெல்லாம் சாக்கு. முன் டயரில் காற்று சரியாக இருந்து, கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்திருந்தால் யாரும் திருப்பலாம்.

அரசிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். 30 ஆண்டு தாண்டிய, மாற்றியமைக்காத சொந்தக் காருக்குத் தனி வகை வையுங்கள். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வையுங்கள், மீட்டரைப் பாருங்கள், புகையும் பிரேக்கும் ஆண்டுதோறும் சோதியுங்கள். தேறாத வண்டியை நிறுத்துங்கள், தேறியதைக் கட்டணத்தால் கொல்லாதீர்கள்.

வாரிசுகள் செய்ய வேண்டியதற்கு அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தகவல் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்துப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்டால் பிறகு ஒரு கையெழுத்துக்காகத் துபாய்க்குக் கடிதம் எழுத வேண்டிவரும். பல வருடம் நின்ற வண்டி என்றால் ஆர்வத்தில் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துவிட வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது. டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் நாலு வீலின் சிலிண்டர்களுக்கும் ரப்பர் மாற்றி, புது ஆயில் விட்டு, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். ஓடாத காரால் யாருக்கும் ஆபத்தில்லை, நிற்காத காரால் உண்டு.